குறுக்கே போன கோடுகள்

கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த டிசம்பர் மாதம் அது. மும்பை தாராவியில், தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியறைத் தையல் கூடம் ஒன்றில் நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. ஒரு உலகக் கோப்பையைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் காவலாளியின் அறையில் பார்த்தேன். அடுத்ததைச் சூரத்தில் பார்த்தேன். அதற்கடுத்ததைக் கோவாவில் ஒரு ஹோட்டல் சமையலறை வாசலில் நின்றபடி பார்த்தேன். இடையில் வேலையில்லாத மாதங்களும் ரயில்வே பிளாட்பாரத்தில் படுத்த நாட்களும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் நாடு அந்தப் போட்டியில் ஆடுவதில்லை என்பதால், நம்மைப் போன்றவர்கள் யாராவது ஒரு நாட்டைத் தத்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருப்பூர்க் காவலாளி பிரேசில் கட்சி. டிவி அவருடையது. ஆகவே நானும் பிரேசில் ஆனேன். பிறகு அந்த வெறி என்னை விடவில்லை.

தையல் கூடத்தை நடத்திய அக்கா திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். நாலு மெஷின், மூன்று தையல்காரப் பெண்கள், வெட்டுவதற்கு நான். அதுவரை வியாபாரிகள் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான் செய்துவந்தார். அந்த டிசம்பரில்தான் முதன்முறையாக அவர் பெயருக்கென்று நேரடியாக ஒரு ஆர்டர் வந்தது. தேவ்நாரில் ஆட்டோ ஓட்டும் நம் ஊர்க்காரர்கள் நாற்பது பேர், எல்லோரும் அர்ஜென்டினா கட்சி. இறுதிப் போட்டியன்று அனைவரும் ஒரே ஜெர்சியில் நிற்க வேண்டும், நாற்பது முதுகிலும் பத்தாம் எண் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கொடுத்துவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் இனி வியாபாரிகளின் வாசலில் நிற்க வேண்டாம் என்று அக்கா நினைத்தார். சொதப்பினால் பழையபடி அதே வாசல்தான்.

நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணி எங்கும் தீர்ந்துபோய், சனிக்கிழமை மாலை ஆறரைக்குத்தான் வந்து சேர்ந்தது. போட்டோவைப் பார்த்துக்கொண்டு வெட்டு என்று அக்கா போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. அர்ஜென்டினா ஜெர்சியை எனக்கே காட்டுகிறீர்களா என்று சிரித்தேன். அவர் கீழே கடைக்குப் போய்விட்டார்.

அன்று எட்டரைக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பாதி உலகம் அதைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தே ஆக வேண்டும். கால் இறுதியில் எங்கள் பிரேசிலை வெளியே அனுப்பிய குரோஷியா அதில் ஆடியது. அரை இறுதியில் அவர்கள் அர்ஜென்டினாவிடம் தோற்றது எனக்குப் போதவில்லை, இன்னொரு முறை தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

எங்கள் அறை சின்னது, வெட்டும் மேசையும் குட்டை. ஆண்டு முழுவதும் நாங்கள் வெட்டுவது கோடில்லாத துணி. அதை மேசைக்குக் குறுக்கே மடித்துப் போட்டால் இடமும் மிச்சம், துணியும் மிச்சம். எந்தப் பக்கம் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. கை அப்படியே பழகிவிட்டது. அன்றும் அப்படித்தான் விரித்தேன். அளவு அட்டையை வைத்துச் சாக்பீஸால் வரைந்து, பெரிய கத்தரியால் அடுக்கடுக்காக வெட்டிக் கட்டி வைத்துவிட்டு ஓடினேன். குரோஷியா ஜெயித்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு தையல்காரப் பெண் முதல் ஜெர்சியின் தோளை மூட்டித் தூக்கிப் பிடித்தாள். "அண்ணே, இது ஜெயில்ல இருந்து வந்த ஆர்டரா?" என்றாள்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் அதை வாங்கி விரித்துப் பார்த்தேன். அர்ஜென்டினா கொடியில் பட்டைகள் குறுக்கே போகும், ஜெர்சியில் மேலிருந்து கீழே இறங்கும். இதை எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். என் கண்ணெதிரே இருந்ததில் எல்லாக் கோடும் வயிற்றைச் சுற்றி ஓடியது. நாற்பது ஜெர்சிக்கும் அப்படியே வெட்டியிருந்தேன்.

அக்கா வந்து பார்த்தார். பெண்கள் மூவரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"நீ பிரேசில்காரன்லா. வேணும்னுட்டே வெட்டுனியா?"

பசியை, அடியை, போலீஸ்காரர் தடியை எல்லாம் பார்த்தவன் நான். அதையெல்லாம்விட இந்தக் கேள்வி வலித்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாலு வாரமாக அந்த அறையில், பிரேசிலின் பரம எதிரியான அர்ஜென்டினாவை நான் திட்டாத நாள் இல்லை. ஒரு வேலை கெட்டால், வழக்கமாக இந்த இடத்தில் நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவேன். நான் ஊர் மாறியதில் பாதி அப்படித்தான். அன்றும் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தேன். பிறகு, "இல்லக்கா. மேட்ச் பாக்குற அவசரம். கோட்டைக் கவனிக்கல," என்றேன்.

அந்தக் கோடு போட்ட துணி இனிக் கிடைக்காது. வெட்டிய ஒன்றைத் தரையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். அக்குளுக்குக் கீழே இருக்கும் சதுரத்தை மட்டும் தனியே வெட்டித் திருப்பினால் கோடு நேராக நின்றது. ஆனால் உயரமும் அகலமும் போதவில்லை. அலமாரியில் பழைய வேலையில் மிஞ்சிய கறுப்புத் துணி இருந்தது. தோளுக்கும் கைக்கும் இரண்டு விலாவுக்கும் கறுப்பை வைத்து மூட்டினால் ஆள் போடும் அளவு வரும். அந்த அணியின் கால்சட்டை கறுப்பாகத்தானே இருக்கிறது என்றேன். அக்கா மேசையில் கிடந்த கத்தரியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கறுப்பையாவது நேரா வெட்டு."

அன்று யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் வெட்டினேன், பெண்கள் மூட்டினார்கள். அக்கா நூல் அறுத்து, எண்களை ஒட்டி, இஸ்திரி போட்டார். ஒரு ஜெர்சிக்கு வேண்டிய தையல் இரண்டு மடங்காகிவிட்டது. நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் வேறு போனது. அந்த நேரத்தில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும் வெட்டி அடுக்கினேன். ஆறு மணியிலிருந்து தேவ்நாரிலிருந்து போன் வந்தபடி இருந்தது. வந்துகொண்டே இருக்கிறோம் என்று அக்கா பொய் சொன்னார். ஏழு மணிக்கு நாற்பதையும் மூட்டையாகக் கட்டி, அவரும் நானும் ஆட்டோ பிடித்தோம். சயானில் நெரிசல், செம்பூரில் அதைவிட நெரிசல். போய் இறங்கும்போது மணி எட்டு.

ஆட்டோ ஸ்டாண்டுச் சுவரில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு ஜெர்சியை விரித்துப் பார்த்தார். கோடு சரி, மேலே கறுப்பு எதற்கு என்று கேட்டார். அக்கா வாய் திறப்பதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணியைக் குறுக்கே போட்டது, ஆட்டம் பார்க்க ஓடியது, எதையும் விடவில்லை.

"ஏல, நீ எந்த டீமு?" என்றார்.

"பிரேசில்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இது அப்பட்டமான சதி என்று ஒருவர் சொல்ல, இவனை ஆட்டோ மேலே கட்டி வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரிக்கவில்லை. அக்கா முன்னால் வந்தார்.

"கெடுத்ததும் இவன்தான், உக்காந்து சரி பண்ணுனதும் இவன்தான். பொறுப்பு என்னோடது. பிடிக்கலன்னா மூட்டையை அப்படியே தூக்கிட்டுப் போறேன்."

மூத்தவர் ஜெர்சியின் விலாத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது பிரியவில்லை. தலை வழியாகப் போட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஒருவர் மட்டும், இது என் டீமின் உடுப்பு இல்லை என்று காக்கிச் சட்டையோடே நின்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மிஞ்சிய அந்த ஒன்றை மூத்தவர் என்மேல் எறிந்தார்.

"பிரேசில்காரா, இதைப் போட்டுட்டு முன் வரிசையில நில்லு. அதுதான் ஒனக்குத் தண்டனை."

அதைப் போட்டுக்கொண்டுதான் அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தேன். அர்ஜென்டினா கோல் போட்டபோதெல்லாம் என் முதுகில் அடி விழுந்தது. பக்கத்தில் அக்கா, கால்பந்தில் ஒன்றும் புரியாமல், முன்னால் நின்றவரின் தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அந்த ஸ்டாண்டிலிருந்தே காக்கிச் சட்டை தைக்க ஆள் வந்தது.

நான் இன்னும் பிரேசில்தான், இன்னும் அதே மாடியறையில்தான் வெட்டுகிறேன். ஒருவர் முகத்துக்கு நேரே என்னைச் சந்தேகப்பட்டும், கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறாமல் நான் நின்றது என் வாழ்வில் அன்றுதான் முதல் தடவை. எந்த நாடு கோப்பையை வென்றது என்பதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.