மூன்று தடவை கழுவிய கிராஃபீன்

1. இரண்டு தட்டுகள்

அன்றைக்குக் காலையில் செல்சியா கிருமி வளர்க்கும் இரண்டு பெட்ரி தட்டுகளை என் மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமே புரியல" என்றாள். எனக்கும் புரியவில்லை.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் லேப் டெக்னீஷியனாக முப்பது வருஷம் இருந்தேன். செல்சியா அங்கே ஆராய்ச்சி மாணவி, பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னைக்காயல்காரி. பென்சில் கரியான கிராஃபைட் பொடியைப் பெர்மாங்கனேட்டோடு கந்தக அமிலத்தில் போட்டு கிராஃபீன் ஆக்சைடு எடுப்போம். அதைக் கடல்பாசிச் சாற்றில் சூடாக்கினால் பழுப்பு மாறிக் கறுக்கும். அதுதான் ரெட்யூஸ்டு கிராஃபீன் ஆக்சைடு. அந்தக் கறுப்பாக்கும் வேலையை விஷக் கெமிக்கலுக்குப் பதில் பாசி செய்வதால் 'கிரீன் சிந்தசிஸ்' என்று பெயர்.

புண்ணில் சீழ் வைக்கும் கிருமியை அது கொல்லுமா என்பது அவள் ஆராய்ச்சி. கறுப்புத் திரவம் வைத்த தட்டில் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கன்ட்ரோல் தட்டிலும் அதே அளவு வட்டம். அதில் வைத்தது கறுப்பை வடிகட்டிய பிறகு மிஞ்சிய தண்ணீர் மட்டும்.

"கிராஃபீனே இல்லாம எது கொல்லுது அண்ணாச்சி?"

அந்தத் தண்ணீரில் பிஹெச் தாளை முக்கினேன். செக்கச்செவேலென்று ஆனது. அமிலம்! கிராஃபீன் ஆக்சைடை அது போகும்வரை கழுவ வேண்டியது என் வேலை. அந்த வாரம் டிஸ்டில்டு வாட்டர் யூனிட்டில் ஹீட்டர் போய், கழுவத் தண்ணீர் தட்டுப்பாடு. மூன்று தடவை கழுவிவிட்டு, போதும் என்று விட்டிருந்தேன், மடையன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் ரிசல்ட் போனதற்காக மட்டும் இல்லை. நான்கு நாளைக்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல், அவள் அப்பாவுக்கு அந்தக் கறுப்புத் திரவத்தில் ஒரு பாட்டில் கொடுத்திருந்தேன்.

2. எரியவில்லை

செல்சியாவின் அப்பா அந்தோணி கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். சர்க்கரை நோயாளி. பாறை கிழித்த கால்புண் ஆறவேயில்லை. லேபுக்கே வந்து மகளிடம் மருந்து கேட்டார். "எலிக்கே இன்னும் போட்டுப் பாக்கல, ஒங்களுக்குப் போடவா? ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா" என்று விரட்டிவிட்டாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய விஞ்ஞானி மாதிரி எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது பஸ் பிடித்து அவர் வீட்டுக்கு ஓடினேன். "போட்டீங்களா? எரியுதா?"

"ரெண்டு நேரமும் போடுதேன். கொஞ்சங்கூட எரியல. நல்ல மருந்து அண்ணாச்சி."

எனக்கு மூச்சு வந்தது. எரியாவிட்டால் அமிலம் அவ்வளவு இல்லைபோல. "இனிமே போடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாட்டிலைக் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார்.

புண் முற்றிய பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கால் பெருவிரலை எடுத்தார்கள். டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "சர்க்கரையில நரம்பு செத்துக் கெடக்கு. நெருப்ப வச்சாலும் அவருக்கு எரியாது" என்றார். விரல் சர்க்கரையால் போனதா, என்னால் போனதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றுவிட்டார். இன்றுவரை எனக்கும் தெரியாது.

3. மிச்சம்

வீடு திரும்பிய அந்தோணி ஊரெல்லாம் என் புகழ் பாடினார். "அண்ணாச்சி மருந்து இல்லேன்னா முழுக் காலும் போயிருக்கும்." அது செல்சியா காதுக்கு எட்டியது. "எந்த மருந்து?" என்று வந்து நின்றாள். சொன்னேன். அழுதாள். பிறகு, "அப்பாட்டயும் நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். "அது மருந்து இல்ல. நான் சரியாக் கழுவாத ஆசிட் தண்ணி."

ஏசட்டும் என்று நின்றேன். அவர் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டே உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார். பாதி இருந்தது.

"எம் மச்சானுக்கும் இதே புண்ணுதான். நீங்க திருப்பி வாங்கிட்டுப் போயிருவீங்களோன்னு ஒளிச்சு வச்சேன். நாளைக்கு வாரான், குடுக்கலாம்னு இருந்தேன்" என்றார். பாட்டிலை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

லேபில் வேலை பார்க்கிற பிள்ளைகளே, தட்டில் கிருமி செத்தால் அது மருந்தாகிவிடாது, கழுவுவதில் சோம்பல் படாதீர்கள் என்றெல்லாம் உங்கள் சார்களே சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு. தப்புச் செய்தால் அன்றைக்கே போய், முழுசாகச் சொல்லிவிடுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாதம் வாயை மூடியிருந்தேன். இன்னும் ஒரு நாள் மூடியிருந்தால் இன்னொருவர் கால்.