எர்சிலியாவின் சொந்தக் குரல்

படத்தில் பின்னணிக் குரல் கொடுக்கிற ஜிசாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அந்த மழைக்காலத்தில், தயாரிப்பாளர் டப்பிங்குக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்போது கதாநாயகி எர்சிலியா, "கடற்கரைக் காட்சி சரியா வரல, திரும்ப எடுக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். இல்லாத குறைக்காகக் குளிர்ந்த தண்ணீரில் பல நாள் நின்றாள். டப்பிங் தள்ளிப்போனது; அதற்குள் ஜிசாவுக்குத் தொண்டை திறந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வைத்திருந்த அந்த விதவையின் பிழைப்பும் தப்பியது. எர்சிலியா இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தலைவாரிவிடுகிற பெண் சொல்லித்தான் ஜிசாவுக்கே தெரியும்.

ரோமாபுரியில் அந்நாளில் படமெல்லாம் அப்படித்தான். முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. எர்சிலியா கொமாக்கியோ ஊரில் விலாங்கு மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். உப்பங்கழியில் தோணிக்குத் தோணி கூப்பிட்டுப் பழகிய தொண்டை, கரகரவென்றிருக்கும். "முகம் மாதா முகம், வாயைத் திறந்தா மீன்சந்தை" என்று முதல் நாளே சிரித்தார்களாம். நாடே சொக்கிப்போன அந்தத் தேன்குரல் ஜிசாவுடையது.

டப்பிங் அறை இருட்டில் ஜிசா நிற்பாள். திரையில் எர்சிலியாவின் முகம் நிலவுபோல மிதந்து வரும். ஷூட்டிங்கில் அடையாளத்துக்குப் பதிந்த கரகரத்த குரல் ஹெட்போனில் கேட்கும். அந்த உதடு அசையும்போது ஜிசா தன் மூச்சை அதில் ஊற்றுவாள். சில வேளை, தான் யார் அவள் யார் என்பதே மறந்து, சொப்பனத்தில் நடப்பதுபோல வீட்டுக்குப் போவாள்.

நாற்பது வயதில் எர்சிலியாவுக்கு, கடலில் மகனைப் பறிகொடுத்த தாயின் வேஷம் வந்தது.

"ஜிசா, இந்த ஒண்ணையாவது நானே பேசிடணும்டி. எங்கம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு. கொட்டகையில உக்காந்து, 'யாரோ பேசுறாளே, எம் மவ எங்க'ன்னு கேக்குது."

"பேசுங்கக்கா. என் தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்."

தயாரிப்பாளர் விடவில்லை. வழக்கம்போல ஜிசாவைக் கூப்பிட்டனுப்பினார்.

திரையில் அந்தத் தாய் மணலில் மண்டியிட்டு மகன் பேரைக் கூப்பிட்டாள். ஹெட்போனில் வந்தது, பனிமூட்டத்தில் தோணியைத் தேடுகிற குரல். சிலுவையடியில் மாதா இப்படித்தான் அழுதிருப்பாள் என்று ஜிசாவுக்குப் பட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னம்மா, ஊமையாயிட்டியா?" என்றார் தயாரிப்பாளர்.

"இதுமேல என் குரலைப் போட்டா பாவம் ஐயா. நான் மாட்டேன்."

"அப்ப இனி இந்தப் பக்கமே வராதே. ரெண்டு பேரும் போய் மீன் வித்துப் பொழைங்க!"

"கர்த்தரோட சீடர் பேதுருவே மீன்காரர்தானே ஐயா" என்று சொல்லிவிட்டு ஜிசா வெளியே வந்தாள்.

ஈஸ்டர் என்கிற பாஸ்கா பண்டிகைக்குப் படம் வெளிவந்தாக வேண்டும். வேறு ஆளைப் பழக்க நேரமில்லை. எர்சிலியாவின் குரலோடே வந்தது.

கொமாக்கியோ கொட்டகையில் அந்தக் கண்ணில்லாத தாய்க்குப் பக்கத்தில் ஜிசா உட்கார்ந்திருந்தாள். "என்னடா இது, அம்மணிக்கு ஜலதோஷமா?" என்று எவனோ கத்த, கூட்டம் சிரித்தது. கிழவி எழுந்து நின்றாள்.

"அதான்டா எம் மவ! வாயை மூடிக்கிட்டுக் கேளுங்கடா!"

அப்புறம் கொட்டகையில் விசும்பல்தான் கேட்டது.

படம் ஓடியும், அதன்பின் எர்சிலியாவை யாரும் கூப்பிடவில்லை. ஊரோடு வந்துவிட்டாள். ஜிசா பாதிரியார்களின் பூசை உடுப்புகள் தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள். கர்த்தர் பட்டினி போடவில்லை.

வெகுகாலம் கழித்து எர்சிலியா படுக்கையில் விழுந்ததும் ஜிசா ரயிலேறிப் போனாள். ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழி பனியில் கரைந்து கிடந்தது. இருவரும் சேர்ந்து செபமாலை சொன்னார்கள். புறப்படும்போது எர்சிலியா அவள் கையை விடவில்லை.

"மேல போய் நானே பேசிக்கிறேன்டி. நீ அவசரப்பட்டுப் பின்னாடியே வந்துடாத. மெதுவா வா."