கோட்டைத் தாண்டிய சுவர்

பிலிப்பைன்ஸின் பாகியோ மலைச்சரிவில் வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனிக்குப் படங்களைத் திருத்தித் தருவது பெர்லிட்டாவின் வேலை. அதற்கு முன்பு கல்யாண ஸ்டூடியோவில் மணப்பெண்களின் கருவளையங்களைப் போக்கிக்கொண்டிருந்தாள். வேண்டிய இடத்தைச் சுற்றி மட்டும் கோடு வரைந்து, அதற்குள் வெளிச்சத்தைக் கூட்டுவாள். அந்தக் கோட்டை மாஸ்க் என்பார்கள். அவள் கை மயிரிழைகூடப் பிசகாது.

அந்த ஆகஸ்டில் மழை விடவே இல்லை. மேனேஜர் அர்செனியோ புதுப் படம் அனுப்பிவிட்டுப் போனில் பேசினார்.

"மலைமண்ணைத் தாங்குற தடுப்புச் சுவர்ல ஈரக் கறை தெரியுதும்மா. போன வருஷப் படம் மாதிரி பளிச்சுனு ஆக்கிடு."

கம்பத்தில் பொருத்திய அதே கேமராதான். அதனால் போன வருஷம் வரைந்த மாஸ்க்குகளையே எடுத்துப் போட்டாள். கூரைகளுக்கு வரைந்தது கச்சிதமாகப் பொருந்தியது. வானத்துக்கு வரைந்ததும் அப்படியே. சுவருக்கு வரைந்தது மட்டும் பொருந்தவில்லை. சுவரின் மேல்விளிம்பு கோட்டைத் தாண்டி, கீழே இருந்த வீடுகளின் பக்கம் பிதுங்கி நின்றது.

கேமரா அசைந்திருந்தால் எல்லாமே விலகியிருக்கும். அந்த வீடுகளில் ஒன்றில்தான் அக்கா நெனிட்டா இருந்தாள். மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், சுவர் நகர்ந்திருக்கு."

"நீ கோணலா வரைஞ்சிருப்ப. கறைய எடுக்கச் சொன்னா கதை விடுற!"

உடனே அக்காவைக் கூப்பிட்டாள்.

"வீட்டுல ஏதாச்சும் மாத்தம் தெரியுதாக்கா?"

"சமையக்கட்டுக் கதவு ஞாயித்துக்கிழமையிலேர்ந்து சாத்த மாட்டேங்குது. மழையில ஊறிடுச்சு போல."

"ஊறலக்கா. மேல சுவர் சாயுது, மண்ணு வீட்டத் தள்ளுது. பிள்ளைங்களக் கூட்டிட்டுக் கிளம்பு."

"சோறு அடுப்புல இருக்குடி."

"அடுப்ப அணைச்சிட்டு வா!"

தங்கை அப்படிக் கத்தி நெனிட்டா கேட்டதே இல்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவுகளையும் தட்டிவிட்டு வெளியேறினாள். மூன்று குடும்பங்கள் பின்னால் வந்தன. பக்கத்து வீட்டுக் கிழவர் இஸ்லாவ் மட்டும் சண்டைச் சேவலைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"உன் தங்கச்சி கம்ப்யூட்டர்ல ஜோசியம் பாக்குறாளா?"

அன்று சாயங்காலம் சுவர் விழுந்தது. கிழவரை மறுநாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து பெர்லிட்டா வீடு திரும்பியபோது அர்செனியோவின் அழைப்பு வந்தது. குரலில் கோபமே இல்லை.

"அந்த ரெண்டு படத்தையும் அழிச்சிடும்மா."

"போலீஸ்ல குடுத்துட்டேன் சார்."



"அப்படியா," என்றார். "உங்க அக்காவும் பிள்ளைங்களும் இப்ப எங்க தங்கியிருக்காங்க?"