கைப்பிடிச்சுவர் ஓரத்துத் தக்காளி

பத்து மாதக் குழந்தை தின்னும் தக்காளிக்கு நான் பூச்சிமருந்து அடிக்கிறேன். அடித்துவிட்டு, மருந்தே படாத காய் என்று சொல்லிக் கொடுக்கிறேன். தெரியாமல் அல்ல... தெரிந்தேதான்!

நீங்கள் என்னைப் பார்த்தால் சந்தேகப்பட மாட்டீர்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி வீட்டில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறேன். லாரிப் பட்டறையில் என் சம்பளம் பாதியானபோது, காய்கறிச் செலவையாவது மிச்சம் பிடிக்கலாமென்று மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பிச் செடி வைத்தேன். சேந்தமங்கலத்து விவசாயி மகனுக்கு இதுகூடவா வராது? எங்கள் தேவைக்கு மேலேயே காய்த்தது. மிஞ்சியதைக் கீழ்வீட்டுக் கௌசல்யா, வீட்டுக்காரரின் மருமகள், விலை கொடுத்து வாங்கிக்கொண்டாள். அந்தப் பணத்தில் எங்களுக்கு எண்ணெயும் பருப்பும் வந்தன.

பிறகு புழு வந்தது. வேப்பெண்ணெய்க்கு அது அசையவில்லை.

என் அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கத்தரிக்காட்டில் ஒரு மூலைக்கு மட்டும் மருந்து அடிக்கமாட்டார். அது வீட்டுக்கு. மற்றதெல்லாம் சந்தைக்கு. ஊரில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். சந்தையில் வாங்குகிறவரின் முகம் எங்களுக்குத் தெரியாது, அதனால் உறுத்தவில்லை போலும்... எனக்கோ வாங்குகிறவளைத் தெரியும். அவள் குழந்தை என் மடியில் தவழ்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் அதையே செய்தேன்! தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் செடிகள் எங்களுக்கு. கைப்பிடிச்சுவர் ஓரத்துச் செடிகள் அவளுக்கு.

ஒருநாள் துணி காயப்போட வந்தவள், கையில் ஸ்பிரேயரோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, வேப்பெண்ணெயுங்களா?"

"ஆமாங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

போன மாதம் குழந்தைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. பல் முளைக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் நம்பினேன்... இல்லை, நம்ப ஆசைப்பட்டேன். அந்த இரண்டு நாளும் நான் ஸ்பிரேயரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் குழந்தை சிரித்தது. நான்காம் நாள் மறுபடி மருந்தைக் கலக்கினேன்!

ஏன் சொல்லவில்லை? வருகிற பணம் நின்றுவிடும் என்றா? வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றா? 'அண்ணன் மாடிக் காய்' என்று தெரு முழுக்க அவள் பரப்பி வைத்திருக்கும் என் நல்ல பேருக்காகவா? மூன்றும்தான். பேர்தான் முதலில்.

இன்று காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"மாமன்கிட்டத் தக்காளி கேளு சாமி... பருப்போட கடைஞ்சு ஊட்டுனா ரெண்டு வாய் சேத்தித் திங்குதுங்கண்ணா."

நேற்றுதான் மருந்து அடித்திருந்தேன். பதறிப்போய்த் தொட்டிப் பக்கத்துச் செடியில் கை வைத்தேன்.

"அட, அது உங்க ஊட்டுக்கு வெச்சிருக்கறதுங்க. நான் எப்பவும் போல இங்கயே பறிச்சுக்கறேனுங்க."

மரியாதைக்காகச் சொன்னாள். அவளே நான்கு பழம் பறித்தாள். ஒன்றைக் குழந்தை கையில் பிடித்துக்கொண்டது.

"நல்லாக் கழுவிக்குங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்...

அவள் இறங்கிப் போய்க் கால் மணி நேரம் இருக்கும். கீழே குக்கர் விசில் அடிக்கிறது. பருப்பு வெந்துகொண்டிருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது. படியிறங்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும்!

இரண்டாவது விசிலும் வந்துவிட்டது. நான் இங்கேயே உட்கார்ந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.