மாமியோடு கிளினிக்குக்கு

கலியாணமாகி ஆறு மாதம். கிளிநொச்சியில் நான் படித்துக்கொண்டிருந்த கணினிப் படிப்பு முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்திருந்தோம். பூநகரியில் கணவரின் பெற்றோரான மாமா, மாமி வீட்டில் இருந்துகொண்டு அப்படி ஒரு முடிவை எடுக்கத் துணிச்சல் வேண்டும். சொல்லத் துணிச்சல் இல்லாததால் கருத்தடைக் குளிசை அட்டையை அலுமாரியில் என் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

ரகசியத்தை உடைத்தவர் எங்கள் பகுதிக்கு வரும் மிட்வைஃப், குடும்பநல மாது. நல்ல மனிசி, ஆனால் குரலை அடக்கத் தெரியாது. ஒருநாள் காலை, ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, குளிசை முடிஞ்சுதோ? முடிஞ்சால் வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வாங்கோ!"

முற்றத்தில் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வளவில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வேலைகளும் நின்றன.

"என்ன குளிசை?" என்றார் மாமி.

"தலையிடிக்கு, மாமி."

"தலையிடிக்கு ஏன் மிட்வைஃப் வாறா?"

அன்றைக்கு மீன் மிகச் சிறிய துண்டுகளாகத்தான் குழம்புக்கு வந்தது. பிறகு இரண்டு நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. என் வீரக் கணவர் தாயைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

மூன்றாம் நாள், மாமா வயலுக்குப் போனபின், மாமி குசினிக் கதவைச் சாத்தினார். ஏச்சு வாங்கத் தயாரானேன்.

"பிள்ளை, அந்தக் குளிசையிலை எனக்கும் ஒண்டு தருவியோ?"

நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஏன் பாக்கிறாய்? நாப்பத்திநாலு வயசோடை எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சியோ? உன்ரை மாமாவுக்கு அப்பிடி ஒரு நினைப்பே இல்லை." பிறகு குரல் இறங்கியது. "பத்து நாள் தள்ளிப் போச்சு. பயமாக் கிடக்கு."

மாமி பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல, இந்தப் பயத்தால். ஒரு குளிசை விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார். அது அப்படி வேலை செய்யாது என்று விளங்கப்படுத்தி, கிளினிக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நானும் மாமியும் பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். "மருமகளுக்கு விசேஷமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம், பாக்கத்தான் போறம்" என்றார் மாமி, கொஞ்சமும் கூசாமல்.

கிளினிக்கில் மாமியின் சிறுநீரைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அவர் பிடித்த பிடியில் என் காப்பு கையில் பதிந்தது. ஒன்றுமில்லை. மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குவதால் நாள் தள்ளியிருக்கலாம், ஆனாலும் கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். மாமிக்கு பிரஷர் இருந்தது. அதனால் குளிசை சரிவராது, கருப்பைக்குள் வைக்கும் லூப் போடலாம் என்றார்கள். அடுத்த கிளினிக்கில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு அவர் சொன்னது, கண் காட்டப் போனதாக.

அந்த முதல் வெள்ளிக்கிழமை திரும்பி வரும் பஸ்ஸில் மாமிக்கு வாய் ஓயவில்லை.

"உங்கடை பள்ளிக்கூடப் புத்தகத்திலை இதெல்லாம் இருக்கோ?"

"இருக்கு மாமி. ஆனா டீச்சர் படிப்பிக்கேல்லை. அந்தப் பாடத்தை வீட்டிலை வாசிக்கச் சொன்னவா."

"வாசிச்சனியோ?"

"அதை மட்டும்தான் வாசிச்சனான்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மாமி சிரித்தார்.