ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற புரோகிராம்

படுக்கையறையில் மணி அடித்தது. ஒரு தரமல்ல, ஒன்பது தரம். பின்னாலேயே பழைய கம்ப்யூட்டர் தகரக் குரலில் அறிவித்தது: "பாப்பாவுக்குச் சளி மருந்து."

பாப்பா கல்லூரி விடுதியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள்.

அவள் அப்பா, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், காலைச் சாப்பாட்டுக் கையோடு ஓடினார். ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறவர். மகள் பிறந்த பூரிப்பில், மருந்து முதல் மளிகை வரை எல்லாவற்றையும் நினைவூட்டும் புரோகிராம் ஒன்றைப் புத்தகம் பார்த்துத் தாமே எழுதினார். சேர்க்க வழி வைத்தார், நீக்க வழி வைக்கவில்லை. நம் வீட்டில் எதுவும் வேண்டாததாகிவிடுமா என்ன என்று அந்தப் புது அப்பாவுக்கு நினைப்பு! இப்போது ஒரு நினைவூட்டலின் வாயை அடைத்தால் இரண்டு வாய் திறக்கிறது. அவருக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கும் ஒரே விடுமுறை ஞாயிறு. அதை அந்தப் பெட்டி விழுங்கிக்கொண்டிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, செல்போன் கடை வைத்திருக்கும் தம்பியை வரவழைத்துவிட்டாள். இந்த ஞாயிறாவது எனக்கு வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கோரிக்கை.

தம்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். முந்நூற்றுச் சொச்சம் நினைவூட்டல்களில் இன்னும் உயிரோடிருந்தவை பதினான்கு. அவற்றை மட்டும் மாமாவின் போனிலேயே இருந்த காலண்டரில் ஏற்றினான்.

"தொட்டில் கயிறு மாத்தணுமாம். யாரைப் போட்டு ஆட்டப் போறீங்க மாமா?"

"அவரைத்தான்" என்றாள் அக்கா.

"சிரிக்காதீங்க. இன்னும் நல்லாத்தான் ஓடுது."

"ஓடுறது நீங்க மாமா, அது உக்காந்த இடத்துலயே இருக்கு."

பெட்டியை அணைக்கச் சுவிட்சில் விரலை வைத்தவருக்குக் கண் கலங்கியது. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததல்லவா?

"அப்ப இந்த வீட்ல எனக்கு என்னதான் வேலை?"

"என்கூடச் சும்மா இருங்க. அது பெரிய வேலை" என்றாள்.

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கெட்டுப்போனா யாருடா பாக்கிறது?"

"செஞ்சவங்க பாத்துக்குவாங்க. நீங்க இல்ல."

நானில்லை! அந்தச் சொல் தந்த விடுதலை போதையாய்த் தலைக்கேறியது. சுவிட்சைத் தட்டினார். அறை அமைதியானதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அலமாரியில் இடித்துக்கொண்டு இருவரும் கட்டிலில் விழுந்து, புரையேறும்வரை சிரித்தார்கள். மணி இரண்டுதான். முழு மத்தியானமும் முன்னால் கிடந்தது.

டீ வருமென்று தம்பி காலை நீட்டினான்.

"உன் வீட்ல போய்க் குடிடா" என்று அக்கா அவனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு காலில் செருப்போடு, மறு செருப்பைக் கையில் ஏந்தியபடி, அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கினான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.