விக்கிய குரலுக்காக ஒரு டிரைவ்

சமயநல்லூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது பழைய அலுவலகத் தோழி போனில் சொன்னாள்: "குபேந்திரன் சார் காலைல தவறிட்டாராம்டி." வந்த பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்டேன். அவரோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் அவருடைய கேலியையும் சிரிப்பையும் சொல்வீர்கள். அவர் வெட்கிப்போய் நின்றதைப் பார்த்தவள் நான்.

என் அம்மா திருவாதவூர் வயல்களில் நடவுப்பாட்டுப் பாடியவர். அவர் போன பிறகு எங்களிடம் மிஞ்சிய குரல், அண்ணன் ஸ்டூடியோவில் பதிவுசெய்து வைத்த ஒரே ஒரு சிடி. கீறல் விழுந்து அது திக்கத் தொடங்கியதும், "குடுங்கம்மா, கம்ப்யூட்டர்ல ஏத்தி நல்ல காப்பி போட்டுத் தாரேன்" என்றார் சார். இருப்பதிலேயே வேகமான சிடி டிரைவை அப்போதுதான் வாங்கி மாட்டியிருந்தார். அந்த வேகத்தைப் பற்றி அலுவலகத்தில் பேசாத நாளில்லை.

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு அந்தக் காப்பியை அவரே கொண்டுவந்தார். உறவெல்லாம் கூடியிருக்க, ஸ்பீக்கரில் போட்டோம். இரண்டாவது பாட்டிலேயே குரல் வெட்டி வெட்டி விழுந்தது.

"என்னக்கா, மேல போயும் விக்கல் நிக்கலையா?" என்றார் தாய்மாமா. பந்தலே சிரித்தது. எனக்கு உடம்பு கூசியது. ஓடிப்போய் நிறுத்தினேன்.

"முழுசாக் கேக்காமக் கொண்டாந்துட்டேம்மா" என்று மட்டும் சொன்னார் சார். இலை போட்டும் உட்காராமல் போய்விட்டார்.

அதன்பின் அலுவலகத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான். ஒரு சனிக்கிழமை, "அந்தச் சிடியோட ஆரப்பாளையம் வர்றீங்களா?" என்று கேட்டார். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்கு அழைத்துப்போனார்.

"புதுசு இருக்கு, நல்ல ஸ்பீடு. எதுக்கு சார் பழசக் கேக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஸ்பீடு வேணாம்ணே. புரியலேன்னா நின்னு திரும்பப் படிக்கணும். அம்புட்டுத்தான்."

கீறல் வந்தால் வேகமான டிரைவ் தானாக எதையோ இட்டு நிரப்பிக்கொண்டு ஓடிவிடுமாம். சார் தன்னுடைய கீறல் விழுந்த சிடி ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு டிரைவிலும் ஒரே பாட்டை இருமுறை ஏற்றி, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றாக இல்லாததையெல்லாம் ஒதுக்கினார். கடைசியில் பழசாகி மஞ்சளேறிப்போன ஒரு டிரைவ்தான் தேறியது. பிறகு அம்மாவின் சிடியையும் அதில் போட்டுப் பார்த்தார். "இது பொய் சொல்லலம்மா" என்றார்.

காப்பி ஆனதும், "அன்னைக்கு இருந்தவங்க எல்லாரையும் வரச்சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு சார்? சிடியக் குடுத்தாப் போதும்."

"நாலு பேரு முன்னாடி உங்கம்மாவச் சிரிப்பாக்கிட்டேன். ஆளில்லாத எடத்துல கேட்டா அது மன்னிப்பாம்மா?"

வந்தார். எங்கள் வாசலில், எல்லோர் முன்னாலும் கைகூப்பி நின்றார். "அவங்க குரல்ல கோளாறு இல்ல. கோளாறு என்னோடது. கடைசிப் பாட்டுல ஒரு எடம் இப்பவும் வராது. அத நான் ஒட்டுப்போடல."

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தபோது ஒரு கணம் சத்தமே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. பிறகு அம்மா விட்ட வரியைத் தொடர்ந்தார். மாமா தலை குனிந்திருந்தார். "சிரிச்சது நாங்கதான சார். நீங்க ஏன் கும்புடுறீங்க?" என்றார். கூப்பிய கையை சார் பாட்டு முடியும்வரை இறக்கவேயில்லை.

அந்த வெட்கம் அவருக்கு முழுதாகத் தீர்ந்ததாகத் தெரியவில்லை. எனக்குள்ளும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான். யாருக்காவது தவறு செய்துவிட்டு, போனிலேயே மன்னிப்புச் சொல்லி முடித்துவிடலாம் என்று கை போகும்போது கூசுகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.